பழனி மலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் விரிவான பதில்களும்

கொடைக்கானலுக்குக் கிளம்பும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் போனில் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அறை வாடகையும் படகுக் கட்டணமும் சீசனுக்கு சீசன் மாறுபவை என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. மலையையும் மலையில் வாழும் மக்களையும் பற்றிக் கேட்டவற்றுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன்.

பழனி மலை என்றால் முருகன் கோயில் இருக்கிற மலைதானே?

அது பழனியாண்டவர் குடியிருக்கும் குன்று, அவ்வளவுதான். படியேறி மேலே போய்த் தெற்கே திரும்பிப் பார்த்தால் அடிவானம் முழுக்க நீலமாக நீண்டு கிடக்குமே, அதுதான் பழனி மலைத்தொடர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமலைப் பக்கத்திலிருந்து பிரிந்து கிழக்கே நீளும் கிளை இது. கிழக்கு மேற்காக 65 கிலோமீட்டருக்குக் குறையாது. உயரமான சிகரங்கள் 2,500 மீட்டரைத் தொடும். பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, தெற்குச் சரிவு தேனி மாவட்டத்தில் இறங்குகிறது.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்டது இந்தப் பக்கம்தான். சங்கப் பாடல்களில் பழனிக்குப் பொதினி என்று பெயர். மயில் குளிரில் நடுங்கியிருக்காது, அகவியதைப் பார்த்து வள்ளல் தப்பாக நினைத்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சிரித்திருப்போம். டிசம்பர் மாதத்தில் விடியற்காலை அடிவாரத்தில் நின்று பாருங்கள், பேகன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கொடைக்கானல் பார்த்தாகிவிட்டது. அதற்கு மேல் என்ன இருக்கிறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, தூண் பாறை என்று ஒரு நாளில் சுற்றிவிட்டு மலையையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கொடைக்கானல் இந்த மலையின் தெற்கு ஓரத்தில் உள்ள ஒரு ஊர். உள்ளூர்க்காரர்கள் மலையை மேல்மலை, கீழ்மலை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். இந்தப் பிரிவு தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, கூக்கால், போளூர் எல்லாம் மேல்மலை. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், படிக்கட்டு வயல்களில் பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ், பட்டாணி விளையும். குளிரும் பனிமூட்டமும் அதிகம். குன்னுவர், மன்னாடியார் போன்ற சமூகத்தார் பல தலைமுறைகளுக்கு முன்பு சமவெளியிலிருந்து ஏறி வந்து இங்கே குடியேறியதாகச் சொல்கிறார்கள்.

கீழ்மலை கிழக்கே இருக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களங்கொம்பு, பாச்சலூர், ஆடலூர், கே.சி. பட்டி ஆகியவை இதில் சேரும். உயரம் குறைவு, இதமான வெப்பம். காபித் தோட்டம், தோட்டத்து நிழல் மரங்களில் ஏறிப் படர்ந்த மிளகு, ஏலம், மலைவாழை, சௌசௌ, வெண்ணெய்ப் பழம் எல்லாம் இங்கே உண்டு. முன்பு கமலா ஆரஞ்சுக்கும் பெயர் போன பகுதி. மரங்கள் நோயில் பட்டுப்போன பிறகு அந்த இடத்தில் பல தோட்டங்களில் காபி வந்துவிட்டது.

மேல்மலைக்காரர் பூண்டு விலை பேசுவார், கீழ்மலைக்காரர் மிளகு விலை பேசுவார். சுற்றுலா வண்டிகள் இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எந்த மாதம் வரலாம்?

மே மாதம் தவிர எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். மே மாதம் மலையைவிட வண்டிகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்கே உள்ள மலைகள் வாங்கிக்கொள்வதால், இங்கே ஜூன், ஜூலையில் சாரலும் மேகமுமாக இருக்கும். கனமழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த நேரத்தில் அருவிகள் நிறைந்து விழும், ஆனால் மலைப்பாதையில் மண் சரியும், மரம் விழும். செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய உறைபனிக் காலம். விடியற்காலையில் ஏரிக்கரைப் புல்லும் ஜிம்கானா மைதானமும் வெள்ளை போர்த்திக் கிடக்கும். வெயில் ஏறினால் அரை மணி நேரத்தில் காணாமல் போய்விடும், அதனால் அறையில் போர்வைக்குள் இருந்தால் கிடைக்காது. எனக்குப் பிடித்தது ஆகஸ்ட், செப்டம்பர். புல் பச்சையாக இருக்கும், கூட்டம் இருக்காது.

சோலை, சோலை என்கிறார்களே, அது சாதாரணக் காடு இல்லையா?

மலையின் அழகுக்கும் அடிவாரத்துக் குடிதண்ணீருக்கும் இந்தச் சோலைதான் வேர், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

மேல்மலையின் பழைய நிலப்பரப்பு இரண்டு பாதி சேர்ந்தது. குன்றின் முதுகும் சரிவும் முழுக்கப் புல்வெளி. இரண்டு குன்றுகள் சேரும் மடிப்புகளில், ஓடை ஓடும் இடங்களில் மட்டும் அடர்ந்த காடு. அந்தக் காட்டுத் துண்டுதான் சோலை. மரங்கள் ரொம்ப உயரம் வளராது. நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், லவங்க இனங்கள் என்று தலை உருண்டு நெருக்கமாக நிற்கும். தண்டெல்லாம் பாசியும் ஆர்க்கிடும் ஒட்டியிருக்கும். கொழுந்து விடும் காலத்தில் சோலை சிவப்பும் பழுப்பும் பச்சையுமாகத் தெரியும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே காலடி ஈரமாகத்தான் இருக்கும்.

புல்வெளியில் ஏன் மரம் வரவில்லை? உறைபனி இளங்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது, கோடையில் தீ வந்தாலும் அதே கதைதான். தீயையும் பனியையும் தாங்கி அங்கங்கே தனியாக நிற்பது ரோடோடென்ட்ரான் மரம் ஒன்றுதான். பூக்கும் காலத்தில் பச்சைப் புல் நடுவே ரத்தச் சிவப்பில் நிற்கும்.

சரி, தண்ணீர் விஷயம். மழையும் மேகத்தின் ஈரமும் புல்லின் வேரில் இறங்கி, கறுத்த மண்ணில் தங்கி, பள்ளத்துச் சதுப்புக்கும் சோலை ஓடைக்கும் மெதுவாகக் கசியும். மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் ஓடையில் தண்ணீர் ஓடுவது அதனால்தான். வடக்குச் சரிவில் பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு ஆகியவை அணைகளில் தேங்கி, மிஞ்சியது அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகும். தெற்குச் சரிவில் மஞ்சளாறு, மருதாநதி, வராகநதி ஆகியவை வைகைக்குப் போகும். பழனியில் பக்தர் குளிக்கும் சண்முகநதியும் இந்த மலையின் தண்ணீர்தான். கொடைக்கானலிலிருந்து காட்டுக்குள் போனால் வரும் பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் கொடுக்கிறது. அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அளவு வைத்திருக்கிறார்கள், நல்லதுதான்.

அப்படியானால் பைன் காடு?

போட்டோவுக்கு அழகாக இருக்கும். கீழே குனிந்து பாருங்கள், காய்ந்த ஊசி இலைகள் மூடிக் கிடப்பதால் அநேகமாக வேறெதுவும் முளைத்திருக்காது. பைன், யூக்கலிப்டஸ், வாட்டில் மூன்றுமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. விறகுக்கும் கூழுக்கும் யூக்கலிப்டஸ், தோல் பதனிடும் பட்டைக்கு வாட்டில். புல்வெளியை அந்தக் காலத்தில் சும்மா கிடக்கும் தரிசு என்று நினைத்துவிட்டார்கள்.

1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. அந்த நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது அது. மரத்தோட்டங்களும் விவசாயமும்தான் காரணம்.

வெட்டித் தள்ளிவிட வேண்டியதுதானே என்று உடனே கேட்பார்கள். அவ்வளவு எளிதில்லை. பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும், வெளிச்சம் பட்டு மண்ணில் கிடக்கும் வாட்டில் விதைகள் ஆயிரக்கணக்கில் கிளம்பும். புல்வெளிக்குள் புதிதாக நுழையும் கன்றுகளை முதலில் பிடுங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று இதில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

குறிஞ்சி எப்போது பூக்கும்?

2030-இல். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூத்து, விதை உதிர்த்து, செடி செத்துப்போகும். 1994, 2006, 2018 என்று இங்கே பூத்தது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பார்க்கலாம். நடுவில் ஏதாவது ஒரு வருடம் 'குறிஞ்சி பூத்துக் குலுங்குகிறது' என்று செய்தி வந்தால் பதறி வண்டி எடுக்காதீர்கள். குறிஞ்சி இனத்தில் பல வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சுழற்சி. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பருவம் தப்பிப் பூப்பதும் உண்டு.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலைச் சுற்றிப் பூக்கும் என்று பலர் அங்கேதான் போவார்கள். 1936-இல் கட்டிய கோயில் அது. இந்து சமயத்தைத் தழுவி லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட ஓர் ஐரோப்பியப் பெண்மணி கட்டினார். மேகம் இல்லாத நாளில் வடக்கே பழனிக் கோயிலும் தெற்கே வைகை அணையும் தெரியும். பூ பார்க்க மேல்மலைச் சரிவுகளுக்குப் போவது மேல். அந்தச் சரிவுகளும் புல்வெளியாக இருந்தால்தான் 2030-இல் பார்க்க ஏதாவது இருக்கும்.

விலங்கு, பறவை ஏதாவது கண்ணில் படுமா?

காட்டுமாடு படும், நீங்கள் தேட வேண்டியதில்லை. கொடைக்கானல் தெருக்களில் அதுவே வரும். சாதுவாக நிற்கிறதே என்று பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்காதீர்கள், முட்டி ஆள் இறந்த சம்பவங்கள் உண்டு. கீழ்மலையில் யானை நடமாட்டம் இருக்கிறது. இரவில் பாச்சலூர்ப் பக்கம் வண்டி ஓட்ட வேண்டாம் என்று உள்ளூர்க்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். 2013-இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பறவை பார்ப்பவர்களுக்கு இந்த மலையின் பெயரையே வைத்துக்கொண்ட ஒன்று இருக்கிறது: பழனி சிரிப்பான். புதருக்குள் கூட்டமாகத் திரிந்து சத்தம் போடும். உருவத்தைப் பார்ப்பதற்கு முன் குரல் கேட்டுவிடும். சோலைக்குள் ஓசைப்படாமல் நின்றால், நீல உடலும் வெள்ளை வயிறுமாக ஒரு சின்னக் குருவி தரையோரம் தத்திப் போவதும் கண்ணில் படலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் உள்ள உயரமான சோலைகளை விட்டு அது வேறெங்கும் இருப்பதில்லை.

காட்டுக்குள் கல்வீடுகள் இருக்கிறதாமே?

இருக்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாகப் பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகைக்கல்லை மூடியாக வைத்த கற்திட்டைகள் அவை. இறந்தவர்களுக்காகப் பெருங்கற்காலத்தில் எழுப்பியவை. தாண்டிக்குடி, பெருமாள்மலையை ஒட்டிய பேத்துப்பாறை, மாச்சூர்ப் பக்கமெல்லாம் உண்டு. ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை என்பதால் குள்ளர் வீடு, குள்ளர் குகை என்று ஊரில் சொல்வார்கள். செண்பகனூர் சேசு சபைக் குருமார் காடு காடாக அலைந்து இவற்றை அளந்தார்கள். ஆங்கிளேட், நியூட்டன் என்ற இருவர் எழுதிய அறிக்கையை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. செண்பகனூர் அருங்காட்சியகத்திலும் கற்திட்டைகளில் எடுத்த பொருட்களைப் பார்க்கலாம்.

கொடைக்கானலை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று யாராவது சொன்னால் அவர்களை நேரே தாண்டிக்குடிக்குக் கூட்டிப் போங்கள். மூடிக்கல் மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது ஒருவருடைய சமாதி. அதற்கு மேல் என்ன சொல்ல?

மலையில் பழங்குடிகள் யார்? அவர்களைப் போய்ப் பார்க்கலாமா?

பளியர்கள். கொடைக்கானல் மலையிலும் தேனி, விருதுநகர் மாவட்ட மலைகளிலும் சின்னச் சின்னக் குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவதும் தேன் எடுப்பதும் பழைய வாழ்க்கை. இப்போது பெரும்பாலானோர் காபி, ஏலத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகிறார்கள். பளிச்சியம்மன் அவர்கள் தெய்வம். சண்டை வந்தால் எதிர்த்து நிற்காமல் அந்த இடத்தை விட்டு விலகிப் போய்விடும் இவர்களுடைய பழக்கத்தைப் பற்றி மானிடவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் குணத்தால் மற்றவர்களிடம் அவர்கள் இழந்ததும் நிறைய என்பது என் எண்ணம்.

மலைத்தேன் பாறை முகட்டில் தொங்கும் பெருந்தேனீக் கூட்டிலிருந்து எடுப்பது. புகை போட்டுத் தேனீயை விலக்கி, கொடியால் முறுக்கிய கயிற்றில் இறங்குவார்கள். மேலே கயிற்றைக் காப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் மச்சான் கைவிடமாட்டான் என்பது கணக்கு. அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு உண்டு, மச்சானுக்கு இல்லை என்று சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு.

போய்ப் பார்க்கலாமா என்றால், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். தெரிந்தவர் அழைத்தால் போங்கள், கேமராவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தேனோ மிளகோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

பூம்பாறைக் கோயிலின் விசேஷம் என்ன?

கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். மேலே சாலையில் நின்று பார்த்தால் படிப்படியாக இறங்கும் வயல்களும் நடுவில் நெருக்கியடித்த வீடுகளும் தெரியும். எல்லோரும் அங்கிருந்தே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இறங்குங்கள்.

குழந்தை வேலப்பர் கோயில் கல்லால் கட்டிய பழைய கோயில். பழனியில் நவபாஷாணச் சிலை செய்த போகர்தான் இங்கேயும் மூலவரைப் பிரதிஷ்டை செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. அருணகிரிநாதர் இங்கே வந்து தங்கிய இரவில் ஒரு ராட்சசி அவரைக் கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தை வடிவில் வந்து அவரோடு இருந்ததைப் பார்த்து, தாயும் பிள்ளையும் என்று நினைத்து அவள் போய்விட்டாளாம். வேலப்பர் அன்றிலிருந்து குழந்தை வேலப்பர் ஆனார். தை, மாசி வாக்கில் தேரோட்டம் நடக்கும். வெளியூருக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் எல்லாம் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். அந்தச் சரிவான தெருவில் தேர் திரும்பும்போது வடம் பிடிப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மலைப்பூண்டு என்று எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். எது அசல்?

எல்லாம் அசல் என்றால் மேல்மலை இப்போது இருப்பதைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் பக்கம் விளைகிறது. அறுவடை செய்ததும் கட்டுக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்பார்கள். அப்படி வைத்தது மாதக்கணக்கில் கெடாது. பல்லை நசுக்கினால் காரம் மூக்கில் ஏறும், கையில் பிசுபிசுக்கும், வாசனை சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது. பளிச்சென்று வெள்ளையாக, பல் பெரிதாக, வாசனை இல்லாமல் இருந்தால் வடக்கேயிருந்து வந்த சரக்காக இருக்கும்.

மொத்த வியாபாரம் கீழே பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டிச் சந்தையில். விலையைத் தீர்மானிப்பது அந்தச் சந்தைதான், குளிரில் குனிந்து களை எடுத்தவர் இல்லை. அதனால் பூம்பாறையிலேயே வீட்டு வாசலில் விற்பவரிடம் வாங்கினால் உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

பஞ்சாமிர்தத்துக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?

வாழைப்பழம்தான் சம்பந்தம். விருப்பாச்சி, சிறுமலை என்ற இரண்டு மலைவாழைகளுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு உண்டு. மலைப்பழத்தில் நீர்ச்சத்து குறைவு, தோல் சுருங்கச் சுருங்க இனிப்பு ஏறும். நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காயோடு பிசைந்து, பேரீச்சை, கற்கண்டு சேர்ப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. அதனால்தான் நாள்பட இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல் குறியீடு கிடைத்தது. கீழ்மலைத் தோட்டங்களில் முடிக்கொத்து நோய் வந்து மலைவாழை பெருமளவு அழிந்ததால் இப்போது தேவைக்குப் போதிய பழம் மலையிலிருந்து வருவதில்லை.

விருப்பாச்சி ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில், மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள ஊர். வெள்ளையரை எதிர்த்து 1801-இல் தூக்கில் தொங்கிய பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர் அது. சிவகங்கையை இழந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த மண்ணும் அதுவே. வாழைப்பழத்துக்கு மட்டும் அந்த ஊரை நினைப்பது கொஞ்சம் அநியாயம்.

வெள்ளகவிக்கு நடந்து போகலாமா?

கொடைக்கானலுக்குக் கீழே, தெற்குச் சரிவில் உள்ள மலைக்கிராமம் அது. நடை பழகியவர், உள்ளூர் வழிகாட்டியோடு, மழை இல்லாத நாளில் போகலாம். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன். வட்டக்கானலில் இருந்து டால்பின் மூக்கைத் தாண்டிச் செங்குத்தாக இறங்கும் பாதை, அப்படியே பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள கும்பக்கரை அருவி வரை போகும். சாலை வருவதற்கு முன் கொடைக்கானலுக்கு ஏறிய பழைய வழிகளில் இதுவும் ஒன்று. துரைமாரையும் அவர்கள் பெட்டி படுக்கையையும் டோலியில் சுமந்து ஏறியவர்கள் நம்மவர்கள். அந்த முதுகுகளைப் பற்றி ஊர் வரலாற்றில் ஒரு வரிகூடக் காணோம்.

வெள்ளகவியில் தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாமலே வாழ்ந்தார்கள். காபியும் பழமும் குதிரை முதுகில் மேலே வரும், அரிசியும் பருப்பும் அதே குதிரையில் கீழே போகும். நோயாளியைக் கம்பில் கட்டித் தூக்கி வர வேண்டும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் முழுவதும் சாமி இருக்கும் இடம் என்பது அவர்கள் கணக்கு. நீங்களும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் ஊர் எப்படி வந்தது?

சுருக்கமாக: மதுரை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இரண்டு பங்களா கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். பிறகு பள்ளி, சர்ச், மோட்டார் சாலை.

இதில் பலர் கவனிக்காதது வானாய்வகம். 1899-இல் நிறுவிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவு என்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மேகத்துக்குப் பெயர்போன ஊரில் இப்படி ஒரு வேலை!

இ-பாஸ் கட்டாயமா?

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் கிளம்புவதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் கொண்டுவராதீர்கள். சோதனையில் பிடித்தால் அபராதம்.

போதைக் காளான் கிடைக்குமா?

இதைக் கேட்கத்தான் போன் செய்தீர்களா? அது சட்டப்படி குற்றம். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்.

இரண்டு நாள்தான் இருக்கிறது. எப்படிப் போவது?

முதல் நாள் வத்தலக்குண்டிலிருந்து நேராகக் கொடைக்கானல் ஏறாமல் தாண்டிக்குடிச் சாலையில் திரும்புங்கள். பாலமுருகன் கோயிலுக்குப் போய்விட்டு, கற்திட்டைகளைப் பார்த்து, ஒரு டீக்கடையில் தோட்டத்துக் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் பண்ணைக்காடு வழியாகச் சாயங்காலம் கொடைக்கானல் சேரலாம். இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு முன்பே மேல்மலைப் பக்கம் கிளம்பிவிடுங்கள். பூம்பாறையில் இறங்கி நடந்து, மன்னவனூர் ஆட்டுப்பண்ணையையும் ஏரியையும் பார்த்து, நேரம் இருந்தால் கூக்கால் போகலாம். திரும்பும்போது பழனி வழியாக இறங்கினால் சாமியையும் பார்த்துவிடலாம்.

மூன்று மணிக்கு மேல் மேல்மலைச் சாலையில் மேகம் இறங்கிவிடும், எதிரே வரும் வண்டி தெரியாது. மன்னவனூர் போகிறவர்கள் பெட்ரோலைக் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். போன் சிக்னல் பல இடங்களில் விட்டு விட்டுத்தான் வரும், வழியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.